பார்வை சரியில்லை எனப்பட்ட என் கணவருக்காக

அனுப்புநர்:
ஜு. உம்மு குல்சூம்,
கடற்கரை வீதி,
மன்னார் தீவு.

பெறுநர்:
மாவட்ட நரம்பு நோய்ச் சேவை இணைப்பதிகாரி,
மன்னார்.

விடயம்: மூளைப் படம் எடுப்பதில் ஏற்பட்ட தாமதமும், என் கணவரின் நோயை ஊரவருக்கு நேரில் விளக்க வேண்டுதலும்

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவர் ஜுனைதீன் மோட்டார் சைக்கிளில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டுபோய் வீடு வீடாக விற்றவர். தாழ்வுபாடு முதல் முசலி வரை பெண்கள் ‘புடவை நானா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுப் பாய் விரித்துக் கொடுப்பார்கள். விரித்த சேலையை விட்டுக் கண்ணை உயர்த்தாத மனிதர் அவர்.

2. மூன்று வருடங்களுக்கு முன் அவரால் கீழே பார்க்க முடியாமல் போனது. சேலையை விரித்துவிட்டு, எதிரில் இருந்த பெண்களின் முகத்தையே இமைக்காமல் பார்த்தபடி இருந்தார். “நானாட பார்வை சரியில்ல” என்று கதை பரவியது. பயந்துபோய்க் கண் வைத்தியரிடம் காட்டினோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். நாங்களும் சந்தோசத்தில் அதை எல்லோரிடமும் சொன்னோம். அதுவே வினையாகிவிட்டது. கண் நல்லாயிருக்கிற ஆம்பிளை ஏன் பார்வையைத் தாழ்த்தவில்லை என்று கேட்டார்கள்.

3. பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்போதே அவருக்குப் பேச்சு மந்தம், முகமும் இறுகியிருந்தது. பதில் வாய்க்கு வருமுன், பேசாமல் நிற்பதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகவில்லை.

4. பின்பக்கமாக விழத் தொடங்கியதும் பாக்கின்சன் நோய் என்று குளிசை தந்தார்கள். அதற்கு நோய் கேட்கவில்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுக்க வெளிமாவட்ட வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். இயந்திரம் பழுது, திகதி இல்லை என்று அங்கே ஒன்றரை வருடம் அலைக்கழித்தார்கள். கடைசியில் கடந்த மார்ச்சில்தான் படம் எடுத்தார்கள். வைத்தியர் அவரைச் சோதித்து, படத்தையும் காட்டி, நடுமூளை சுருங்கிக் குருவித்தலைபோல் தெரிவதாகவும், கண்ணைக் கீழே இறக்குவது அந்த இடம்தான் என்றும் சொன்னார். பாக்கின்சனைப் போன்ற வேறொரு நோயாம், மாற்ற மருந்தில்லையாம். “அவருக்குப் பார்வை சரியில்லைதான் அம்மா, ஆனால் பிழை மூளையில” என்றார். ஊர் சொன்ன அதே சொல். ஐயா, குணமாகாது என்பதை விட, அவர் குற்றமற்றவர் என்பதுதான் எனக்கு முதலில் விளங்கியது. அந்த அறையிலேயே வாய்விட்டு அழுதேன்.

5. படத்தை ஊரில் காட்டினேன். படம் எடுத்தால் யாருக்கும் ஏதாவது வரும் என்கிறார்கள். பெண்சாதி வேறு என்ன சொல்வாள் என்கிறார்கள்.

ஆகவே, இத்தகைய நோயாளருக்குத் தாமதமின்றிப் படம் எடுக்க ஆவன செய்யுங்கள். அத்துடன், ஒரு வெள்ளிக்கிழமை வைத்திய அதிகாரி ஒருவரை அனுப்பி, ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலையுமுன், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தமிழில் இதை விளக்கச் செய்யுங்கள். எங்கள் வீட்டுக்கு அது தெளிவாகக் கேட்கும். அவருக்கு இப்போது பேச்சு நின்றுவிட்டது, கஞ்சியும் இறங்குவதில்லை. அவருடைய பெயர் அதே ஒலிபெருக்கியில் மரணச் செய்தியாக, ஜனாஸா அறிவித்தலாக வருமுன் வாருங்கள். அவருக்கு இன்னும் காது கேட்கிறது.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஜு. உம்மு குல்சூம்

மன்னார்
2025.08.11