யாவோர்கிராட் விளையாட்டரங்கின் பழைய தரை

அனுப்புநர்:
விதோயே கலாபா (வயது 66),
ஓய்வுபெற்ற தண்ணீர் லாரி ஓட்டுநர், நகராட்சித் துப்புரவுப் பிரிவு,
17, ஆற்றங்கரைத் தெரு,
யாவோர்கிராட், போஸ்னியா.

பெறுநர்:
உயர்திரு நகராட்சித் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், யாவோர்கிராட்.

பொருள்: விளையாட்டரங்கச் சுவரில் உள்ள ஒஸ்தோயா வுக்மிர் நினைவுப் பலகை பொய் சொல்வது பற்றிய புகார், திருமதி ரெம்ஸா ஹாஜாரின் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டுதல்.

பார்வை: “அரங்கில் எந்தச் சம்பவமும் நடந்ததற்கு ஆதாரம் இல்லை” என்று திருமதி ரெம்ஸாவுக்கு நகராட்சி அனுப்பிய மார்ச் மாதக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்களுக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கும். சென்ற செப்டம்பரில் அந்தப் பலகையைத் திறந்து வைக்கும்போது, ஆணியில் மாட்டிக்கொண்ட திரையை ஓங்கி இழுத்து, திரையோடு சேர்ந்து தரையில் விழுந்தவன் நான்தான். தாங்களே கைகொடுத்துத் தூக்கிவிட்டீர்கள். மறுநாள் பத்திரிகைப் படத்தில் என் முகத்தைவிட என் பின்புறம் தெளிவாக வந்திருந்தது. இன்றும் ரொட்டிக் கடையில் என்னைக் கண்டால், “என்ன விதோயே, இன்னிக்கு எதைத் திறந்து வைக்கப்போற?” என்கிறார்கள். ரொட்டியைத்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

2. அந்தக் கௌரவம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஒஸ்தோயா என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், என் மகள் நெவேனாவின் ஞானத்தந்தை. எங்கள் ஊரில் அது கூடப்பிறந்தவரைவிட ஒரு படி மேலான உறவு. எனவே இந்த மனுவை எழுதுவதே ஒரு துரோகம். இதைவிடப் பெரிய துரோகங்களைச் சிரமமே இல்லாமல் செய்திருக்கிறேன் என்பதால் மேலே எழுதுகிறேன்.

3. பலகையில் நான்கு வரிகள் உள்ளன. “1978 முதல் உடற்பயிற்சி ஆசிரியர்” என்ற முதல் வரி உண்மை. “நம் ஹேண்ட்பால் அணியை 1984-இல் வட்டார வெற்றிக்கு அழைத்துச் சென்றவர்” என்ற இரண்டாம் வரியும் உண்மை. கோல் காத்தவன் நானாக இருந்தும் ஜெயித்தோம் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட பயிற்சியாளர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அணியில் இடது ஓரத்தில் ஓடியவன் சுல்ஃபோ ஹாஜார், மேற்படி ரெம்ஸாவின் கணவன், என் பக்கத்து வீட்டுக்காரன். அவனிடம் நல்ல காலணி இல்லையென்று ஒஸ்தோயா தன் சம்பளத்தில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். மண்டியிட்டு அமர்ந்து, கயிறு கட்டிப் பார்த்து, அளவு சரியா என்று கேட்டார். நான் பார்த்தேன்.

4. “போரில் ஊரைக் காத்த தளபதி” என்பது மூன்றாம் வரி. எங்களில் ஒரு பாதியை, செர்பியர்களான எங்களை, அவர் காத்தார். மறுபாதியான முஸ்லிம்களை என்ன செய்தார் என்பதற்கு அயல்நாட்டு நீதிமன்றம் ஒரு பெயர் வைத்தது. இனப்படுகொலை என்ற அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். 2001-இல் பிடித்துப் போனார்கள். 2014-இல் விட்டார்கள். பேண்டு வாத்தியத்தோடு வரவேற்றோம்; நான் கொடி பிடித்தேன். நடுவிலிருந்த பதிமூன்று வருடச் சிறை பலகையில் இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது. ஆற்றங்கரைக் கிராமங்களுக்காகத்தான் அவரைத் தண்டித்தார்கள். அரங்கம் அந்தத் தீர்ப்பில் வரவில்லை. சாட்சி கிடைக்கவில்லையாம். சாட்சி அப்போது வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான்.

5. நான்காம் வரிதான் என் புகார். “1993-இல் தம் சொந்த முயற்சியால் இந்த அரங்கிற்குப் புதிய மரத்தளம் அமைத்தவர்.” திரையோடு விழுந்து அந்தத் தளத்தில் கன்னம் பதியக் கிடந்தபோது, தலைக்கு மேலே சாய்ந்து தொங்கிய பலகையில் நான் முதலில் படித்த வரி அது. நல்ல தளம், ஐயா. ஆனால் பழைய தளத்துக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

6. 1992 ஜூன் 9 காலை, தொட்டி நிரம்ப நாலாயிரம் லிட்டரோடு அரங்கிற்கு வரச்சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. உள்ளே எழுபத்து மூன்று ஆண்கள் இரண்டு நாளாக அடைபட்டிருந்தார்கள். நல்ல வெயில். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி உயர ஜன்னல் வழியாக என் லாரியைப் பார்த்துவிட்டார்கள். “தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!” என்று கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். ஜன்னலில் சுல்ஃபோவின் முகம் தெரிந்தது. “விதோயே! டேய் கோல்கீப்பர்! தொட்டியில தண்ணி இருக்காடா?” என்று கேட்டான். நான் குனிந்து டயரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒஸ்தோயா நின்றார், கழுத்தில் பள்ளிக்கூட விசில் அப்படியே தொங்கியது. “டயர் நல்லாத்தான் இருக்கு. வண்டிய நிழல்ல போடு. தண்ணி நாளைக்குத்தான் வேணும்,” என்றார்.

7. மறுநாள் விடிந்ததும் சுட்டார்கள். நான் லாரிக்குள் இருந்தேன், காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு வேறு லாரிகள் வந்து போயின. மதியம் என்னைக் கூப்பிட்டார்கள். குழாயை இழுத்துப்போய்த் தரையைக் கழுவினேன். ஒரு தொட்டி போதவில்லை. இரண்டு முறை ஆற்றுக்குப் போய் நிரப்பி வந்தேன். அவ்வளவு தண்ணீர் குடித்த மரம் ஒரு வாரத்தில் ஊதிப்போய் எழும்பியது. புதிய தளம் போட நேர்ந்த கதை இதுதான். அவர்களுடைய எலும்புகள் 2006-இல் பழைய கல்குவாரியில் கிடைத்தன. எங்கிருந்து அங்கே போனார்கள் என்பதற்குத்தான் தங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை.

8. ஆகஸ்டில் ஒஸ்தோயா என் மகளை ஞானஸ்நானத்துக்கு ஏந்தினார். அடுத்த வசந்தத்தில், அரங்கில் பெயர்த்துப் போட்ட பழைய தரைப் பலகைகளை எனக்குக் கொடுத்தார். “எடுத்துட்டுப் போ விதோயே. உன் சமையலறை வெறும் சிமெண்டாக் கெடக்கு, பாப்பா தவழ வேண்டாமா?” என்றார். நன்றி சொன்னேன். உப்பியவற்றைக் காயவைத்து, இழைத்து, நானே பதித்தேன். ஏழு பலகைகளில் ஆட்டக்களத்தின் நீலக்கோடு இருந்தது. அதை இழைக்க எனக்குச் சோம்பல். நெவேனா அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் நடை பழகினாள். அது என்ன கோடு என்று கேட்டாள், ஆறு என்றேன். தாண்டிக் குதித்து விளையாடினாள்.

9. இந்த ஏப்ரலில் ரெம்ஸா என் வீட்டுக்கு வந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறை. என் மனைவி ஸோர்கா காப்பி வைத்தாள். ரெம்ஸா தங்கள் கடிதத்தை மேசைமேல் விரித்தார். “வெளிச்சுவத்துல ஒரு பலகை, பேருங்க மட்டும். அவ்வளவுதான் கேட்டேன். நீ அப்போ தண்ணி லாரி ஓட்டினியே விதோயே, எதையாவது பாத்தியா?” என்று கேட்டார். அவருடைய கால் நீலக்கோட்டின் மேல் இருந்தது. “அந்த வாரம் நான் லீவு,” என்றேன். அவர் தலையசைத்து, காப்பியை முழுவதும் குடித்துவிட்டு, கோப்பையை ஸோர்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

10. கதவு சாத்திய பிறகு நெவேனா கேட்டாள்: “லீவுல இருந்தா, இந்தப் பலகையெல்லாம் எப்படிப்பா நம்ம வீட்டுக்கு வந்துச்சு? நானும் அந்த அரங்கத்துல ஆடியிருக்கேன், இது என்ன கோடுன்னு எனக்குத் தெரியாதா?” என் மகள் எப்போதும் வகுப்பில் முதல் மாணவி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஸோர்கா பாத்திரம் கழுவியபடியே, “சொல்லிடுங்க. இத முதுகுல ஏத்திக்கிட்டு என்னாலயும் இதுக்கு மேல நடக்க முடியாது,” என்றாள். சொன்னேன். அன்றிலிருந்து நெவேனா சமையலறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்று பேசுகிறாள். இந்த மனுவையும் வாசலில் நாற்காலி போட்டுத்தான் தட்டச்சு செய்கிறாள்.

11. ஆகவே ஐயா, நான்காம் வரியை எடுத்துவிட வேண்டுகிறேன். மற்ற மூன்றையும் என்ன செய்வதென்று தாங்கள் முடிவு செய்யலாம். பலகையையே கழற்றுவதென்றால் ஏணி பிடிக்க நான் வருகிறேன், இம்முறை விழமாட்டேன். ரெம்ஸாவின் விண்ணப்பத்தை வரும் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வயது எழுபது. ஆதாரமாக என் சமையலறைத் தரையின் நாற்பத்தொரு பலகைகளையும் பெயர்த்துத் தரத் தயாராக உள்ளேன். என் வாக்குமூலத்தையும் பதிவு செய்து, என்னையும் விசாரிக்க ஏற்பாடு செய்யக் கோருகிறேன். இதன் நகல் ஒன்றை இன்று மாலை நானே ரெம்ஸாவின் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். அவர் கதவைத் திறக்காவிட்டால் அதுவும் நியாயமே.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

இடம்: யாவோர்கிராட்
நாள்: 27.05.2024

(ஒப்பம்)
விதோயே கலாபா

கையால் எழுதிச் சேர்த்தது: ஆறாவது பத்தியைத் தட்டும்போது நெவேனா நிறுத்தி, “சுல்ஃபோ மாமா கேட்டதுக்கு நீ என்னப்பா சொன்ன?” என்றாள். அடுத்த பத்தியைத் தட்டச் சொன்னேன். அன்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன், பதிவில் இருக்கட்டும்: “இருக்குடா சுல்ஃபோ. தொட்டி நிறைய இருக்கு.”