வெள்ளாம்பல் ஏரியின் மீன்சாவும் கல்லில் வெட்டிய பழியும்

வான் பொழிக, வயல் விளைக, கோல் வளையாதிருக்க.

ஏழ்குன்ற நாடுடையவரும், வெண்கொற்றக் குடையாரும், வெள்ளாம்பல் பேரேரிக்குக் கரை எடுப்பித்த குலத்தின் வழித்தோன்றலுமாகிய விண்ணங்கோவரையர் திருமுன்பு, ஏரி அமைச்சன் பூதங்கீரன் தெண்டனிட்டு விடுக்கும் ஓலை. தலைநகரும் அரண்மனையும் நலமுற்றிருக்க. இங்கும் நலமே என்று எழுத அவனுக்கு மனம் வரவில்லை. இதுவரை எழுதிய பொய்யே போதும்.

ஆண்டுதோறும் பங்குனியில் வடகரை வலையர் மூழ்கி, ஏரியின் அடியிலுள்ள சேற்றுத்துளையின் கல்லைத் தூக்குவர். அடியில் அழுகிக் கிடக்கும் கறுப்பு நீர் அதன்வழி வெளியேறும். தெப்பத் திருவிழாவுக்கு நீர் கரை தொட்டு நிற்கவேண்டும் என்ற தங்கள் திருவுளப்படி, கடந்த இரண்டு பங்குனியிலும் அந்தக் கல் தூக்கப்படவில்லை. அந்த ஆணைக்கு முத்திரை வைத்தவன் பூதங்கீரன்தான்.

இச்சித்திரையில் பன்னிரண்டு நாள் காற்றே வீசவில்லை. நீர்மேல் பச்சை ஆடை படர்ந்தது. பதின்மூன்றாம் நாள் விடியலில் கெண்டையும் சேலும் மேலே வந்து வாய் பிளந்து நின்றன. உச்சிப்பொழுதுக்குள் தென்கரை நெடுகச் செத்து ஒதுங்கின.

ஊர்ச்சபை கூடியது. சாயக்காரர் தொட்டி நீர் கலந்தது என்றார் சிலர். ஏரியம்மன் சினந்தாள், பாலும் சோறும் மலரும் ஏரிக்குப் படைக்கவேண்டும் என்றார் பூசாரியார். வலையர் தலைவி எயினி மட்டும் எழுந்து, ஏரி பசியால் சாகவில்லை, மூச்சு முட்டிச் சாகிறது, மூச்சு முட்டுகிறவன் வாயில் சோற்றைத் திணிக்காதீர், சேற்றுத்துளையைத் திறக்க விடுங்கள் என்று கைகூப்பி விண்ணப்பித்தாள்.

தெப்பத்துக்கு இருபது நாளே இருந்தது. அவள் சொல்வது மெய்யானால் ஆணையிட்ட அரசருக்கும் முத்திரை வைத்த அமைச்சனுக்கும் தலைகுனிவு. ஆகவே அமைச்சன் அவள் குடிசையைச் சோதிக்க ஆளனுப்பினான். காக்காய்கொல்லி விதை ஒரு பிடி கிடைத்தது. பிள்ளைகளின் தலைப்பேனுக்கு அரைத்துப் பூச வைத்தது என்று அவள் கண்ணீர்விட்டுச் சொன்னாள். மீனைக் கொல்லும் நஞ்சு கையும் களவுமாக அகப்பட்டது என்று அவன் தங்களுக்கு எழுதினான். வலையர் பதினெட்டுக் குடும்பமும் எல்லை கடத்தப்பட்டன. எயினி ஏரிக்கு நஞ்சிட்டாள் என்று தங்கள் திருப்பெயரால் கரையில் கல்வெட்டும் நாட்டப்பட்டது.

பின்னர் படையல் நடந்தது. முந்நூறு குடம் பாலும் நாற்பது வண்டிச் சோறும் மலரும் ஏரியில் இறங்கின. நான்காம் நாள் ஏரி நாறியது. முன் செத்ததைப்போல் மும்மடங்கு மீன் செத்தது.

நஞ்சிட்டவள் எல்லைக்கு அப்பால் இருக்க இது எப்படி என்று அப்போதுதான் பூதங்கீரன் கரையில் இறங்கி நடந்து பார்த்தான். செத்த மீனைத் தின்ற பருந்துகள் நன்றாகவே பறந்தன. மேலே வந்து காற்றைக் குடிக்கும் விராலும் ஆமையும் உயிரோடிருந்தன. நீருக்குள்ளேயே மூச்சு வாங்கும் மீன்களே மாண்டன. நஞ்சுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எயினி சொன்னது அத்தனையும் மெய். 

சேற்றுத்துளையின் கல்லைத் தூக்க ஏரிக் காவலன் சேந்தன் மூழ்கினான். கல் இருக்கும் இடமும் அதன் இழுப்பும் வலையருக்கே தெரியும். சேந்தனின் உடல் மறுநாள் மிதந்தது. அவன் மனைவியின் முகத்தைப் பூதங்கீரனால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

வேறு வழியின்றி எயினிக்கு ஆளனுப்பினான். அக்கல்வெட்டு நிற்கும்வரை அந்த நீரில் கால் வையேன், என் பேரப்பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டா அந்தக் கரையில் நடப்பார்கள் என்று அவள் மறுமொழி சொல்லியனுப்பினாள். அவள் கேட்டதில் தவறு ஒன்றுமில்லை.

அரசர் பெயர் பொறித்த கல்லை அழிப்பவன் கையை இழப்பான் என்பது நாட்டுச் சட்டம். தங்கள் திருமுகம் வந்து சேர எட்டு நாள் ஆகும். வடக்கு வாய்க்கால் முகத்தில் மட்டும் கொஞ்சம் மீன் எஞ்சியிருந்தது. ஆதலால் பூதங்கீரன் எவரையும் ஏவாமல், தன் கையாலேயே அக்கல்லின் எழுத்தை வரிவரியாகச் செதுக்கி அழிக்கத் தொடங்கினான்.

பாதி அழித்தபோது, இன்று விடியலில், வாய்க்கால் முகத்து மீன்களும் மிதந்தன. கல் அழிந்த செய்தி போய் எயினி வந்து சேர இன்னும் ஐந்து நாள் ஆகும். இனி அவள் எதைக் காப்பாற்ற வருவாள் என்று உடனிருந்தவர் உளியைப் பிடித்துத் தடுத்தனர். மீன் இருந்தாலும் போனாலும் அக்கல் சொல்வது பொய்யே என்று சொல்லி, அவன் கடைசி எழுத்தையும் செதுக்கி அழித்தான்.

அடுத்த படையலுக்கென்று தாங்கள் அனுப்பிய பால் வண்டிகளை ஒரு குடமும் இறக்காமல் திருப்புக என்று ஏரி முத்திரையிட்டு ஆணை தந்திருக்கிறான். அம்முத்திரையால் அவன் இடும் கடைசி ஆணை இது. முத்திரை மோதிரமும் உளியும் இவ்வோலையோடு வருகின்றன. உளி பிடித்த கை, தங்கள் ஆணை வரும்வரை, ஏரிக்கரையிலேயே காத்திருக்கும்.

இது பூதங்கீரன் எழுத்து.