டாக்டர் கேட்ட கேள்வி

தானா ராத்தா,
4 மார்ச் 2024

அன்புள்ள யுவனா அப்பாவுக்கு,

நான் ஏதோ இருக்கிறேன். ஜொகூர் வெயில் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? வாசல் காக்கும் ஜாகா வேலைக்கென்று போய் நான்கு வருடம் ஆகிறது. தைப்பூசத்துக்காவது வருவீர்கள் என்று பார்த்தேன். இது போனில் பேசக்கூடிய விஷயமில்லை. தோட்டத்து லயத்தில் தும்மினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. இன்று நேற்று வந்ததல்ல. யுவனாவைப் பெற்ற பிறகு தொடங்கி, வயது ஏற ஏற முற்றிவிட்டது. கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் முட்டை அளவுக்கு வெளியே வரும். தேயிலைச் செடி மறைவில் உட்கார்ந்து, கையால் உள்ளே தள்ளிவிட்டு எழுந்துகொள்வேன். உங்களை அண்டவிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தது அந்த வலியில்தான். ஏன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. பிரிஞ்சாங் சாப்பாட்டுக் கடையில் மட்டும், "எம்பொண்டாட்டி கட்டைலா" என்று சொல்லிச் சிரித்தீர்களாம்.

யுவனா என்னைக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அமாலினா நல்ல பெண். ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. இனி இரண்டு வழி என்றார். ஒன்று, கீழ்வழியை அப்படியே தைத்து மூடிவிடுவது. சின்ன ஆபரேஷன்தான், ஆனால் அதன் பிறகு தாம்பத்தியம் கிடையாது. இன்னொன்று ரோபோ ஆபரேஷன். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, வலை ஒன்றை வைத்து, இறங்கியதைத் தூக்கி முதுகெலும்பின் அடியோடு கட்டுவார்களாம். கீழ்வழி திறந்தே இருக்கும், தாம்பத்தியத்துக்கும் தடையில்லை. பயந்துபோய், "மிஷினா வெட்டும்?" என்றேன். "இல்ல ஆன்டி, நான்தான் பக்கத்துல உக்காந்து அதோட கைய ஆட்டுவேன்" என்றார்.

பிறகு, "வீட்டுக்காரர் கூட இருக்காரா?" என்று கேட்டார்.  யுவனாவை வெளியே அனுப்பிவிட்டு, அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். திரும்பி வருவீர்களா?

உங்கள்
யோகேஸ்வரி

*

ஜொகூர் பாரு,
21 மார்ச் 2024

அன்பு மனைவி யோகேஸ்வரிக்கு,

நலம். உன் நலத்துக்கு முருகனை வேண்டுகிறேன்.

கடிதம் படித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் உனக்கு எதற்கு ரோபோவும் வலையும்? ஊர் கேட்டால் சிரிக்கும். மூடிவிடச் சொல். சின்ன ஆபரேஷன் என்று நீயே எழுதியிருக்கிறாய். சீக்கிரம் எழுந்து நடமாடலாம்.

நான் இங்கே திலகாவோடு இருப்பது உனக்குத் தெரியும். மறைக்க ஒன்றுமில்லை, நானும் ஆண்பிள்ளைதான். அவள் இப்போது மகன் வீட்டோடு போகப்போகிறாள். எனக்கும் முன்போல் முடியவில்லை, சர்க்கரை ஏறிவிட்டது. தீபாவளிக்குள் வந்துவிடுவேன். நேரத்துக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க நீ இருக்கிறாய் என்ற தைரியம்தான். அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்.

இப்படிக்கு,
அன்புக் கணவன்
நாகப்பன்

*

தானா ராத்தா,
9 ஜூன் 2024

யுவனா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். நான் முட்டாள். முதலில் "வந்துவிடுவேன்" என்ற சொல் மட்டும்தான் கண்ணில் பட்டது. சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது, நோயை நினைத்து அல்ல.

மறுபடி போனபோது டாக்டர் கேட்டார். "வீட்டுக்காரர் என்ன சொன்னாரு ஆன்டி?"

"மூடச் சொல்றாரு. நீங்க தூக்கிக் கட்டுங்க."

"அவரு வர்றாரா?"

"வந்தாலும் வராட்டியும் எனக்கு என் உடம்பு முழுசா வேணும், டாக்டர்."

அவர் வலையால் பின்னாளில் வரக்கூடிய தொந்தரவுகளையும் ஒளிக்காமல் சொன்னார். நானே கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் ஆபரேஷன் முடிந்தது. யுவனா லீவு போட்டு வந்து, என் தலையை வாரி, மூத்திரப் பையைக்கூட அவள்தான் மாற்றினாள். "அப்பாகிட்ட சொல்லட்டாம்மா?" என்றாள். வேண்டாம் என்றேன். வார்டுக்குள் முதல்முதலாக நடந்தபோது கால்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. அடுத்த கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அங்கே இருந்த சீனத்திக் கிழவி வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

இனிச் சாக்குத் தூக்கக்கூடாது. மேனேஜர் என்னை நாற்றங்காலுக்கு மாற்றியிருக்கிறார். நீங்கள் விட்டுப்போனதும் லயத்து வீட்டை என் பேருக்குப் பதிந்துவிட்டார்கள். அந்த வீட்டில் உங்களுக்குக் கஞ்சி வைக்க ஆள் இல்லை. தீபாவளிக்கு வராதீர்கள். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், லயமே கூடி நின்று பார்த்தாலும். சர்க்கரைக்கு அங்கேயே நல்ல கிளினிக் இருக்கும், போய்க் காட்டுங்கள்.

மீதிப் பேச்சு ஏதாவது இருந்தால் யுவனாவிடம் பேசுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

யோகேஸ்வரி த/பெ நல்லுசாமி