பச்சை சோஃபாவில் படுத்த நேரம்

மார்ச் 4, செவ்வாய்

நான் படுத்துக் கிடந்த நேரத்தை வேலை செய்த நேரம் என்று எழுதிவிட்டார்கள். இதுதான் நடந்த அநியாயம். வேறு எப்படிச் சொன்னாலும் சுற்றி வளைப்பதாகிவிடும்.

அறிக்கை இன்று வந்தது. திரையில் எதையும் படிக்க மாட்டேன். நூலகத்துக்குப் போய் அச்செடுத்து வந்தேன். ஒன்பது பக்கம். ஏழாம் பக்கத்தில் இப்படி: “தோர்கில் நீல்ஸ்கோ, வயது 63, வாரம் பதினைந்து மணி நேரம் வேலை செய்யக்கூடியவர். வலியைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் ‘மோசமில்லை’ என்றார்.”

முதுகெலும்பைக் கணு கணுவாக இறுக்குகிற வாதம் எனக்கு. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. போன வருடத்திலிருந்து விரல்களிலும். மீன்மாவு ஆலை என்னை வெளியே அனுப்பிய பிறகு நகராட்சியின் வேலை அலுவலகம் மூன்று இடங்களில் என்னைச் சோதனைக்குப் போட்டது. எவ்வளவு நேரம் தாங்குவான் என்று பார்க்கும் சோதனை. முதல் இரண்டைப் பற்றி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம். மூன்றாவது, இந்தப் பழைய பொருள் கடை. இங்கேதான் எனக்கு ஏற்ற வேலை ஒன்று கண்ணில் பட்டது. ஜனங்கள் கொண்டுவந்து போடும் மேசை விளக்குகளைப் பிரித்து, ஒயர் மாற்றி, எரிகிறதா என்று பார்த்து விற்பனைக்கு அனுப்புவது. யாரும் சொல்லித் தரவில்லை, நூலகப் புத்தகம் பார்த்து நானே பழகியது. கொஞ்சம் நின்று, கொஞ்சம் உட்கார்ந்து, வாரத்துக்கு ஐந்து மணி நேரம் செய்வேன். கடையை நடத்தும் ஹென்னிங் என்னை வைத்துக்கொள்ளத் தயார். ‘இவனால் ஐந்து மணிதான் முடியும்’ என்று நகராட்சி ஒத்துக்கொண்டால் அந்த வேலை எனக்கு.

பதினைந்து என்று எழுதிவிட்டார்கள். ஏப்ரல் 7 முதல் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்க வேண்டுமாம். நான்காவது சோதனை. மறுப்பு இருந்தால் ஏப்ரல் 1-க்குள் சொல்ல வேண்டும். அதுவரை கடைக்கே போய் வா என்கிறார்கள்.

பதினைந்து என்று அவர்களுக்கு யார் சொன்னது?

மார்ச் 5, புதன்

கணக்குப் புரிந்துவிட்டது. வருகைத் தாள். செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஏழு மணிக்கு வந்தேன், பன்னிரண்டுக்குப் போனேன் என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மூன்று ஐந்து பதினைந்து.

ஆனால் நான் ஏழு மணிக்குப் போனது வேலைக்கா? மற்றவர்கள் எட்டு மணிக்கு வருவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் முதலில் படுக்க வேண்டும். தட்டுமுட்டுக் கூடத்தில் அலமாரிகளுக்குப் பின்னால் ஒரு பச்சை சோஃபா கிடக்கிறது. அதில் அரை மணி. பிறகு விளக்கு மேசைக்குப் பதினான்கு படி ஏற வேண்டும். சாமான் லிஃப்டில் ஆள் ஏறக் கூடாது. படி ஏறுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான் அவ்வளவு சீக்கிரம். பதினொன்றரைக்கு எல்லோரும் போனபின் நாற்காலியிலிருந்து எழுவேன். அதையும் யாரும் பார்க்க வேண்டாம்.

இது எனக்கு மட்டும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியென்றால் தாளை வைத்து என்னை மாட்டிவிடலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

ரிக்மோர். துணி பிரிக்கிற அந்தப் பொம்பளை. ஏப்ரனின் பையில் சிவப்பு அட்டைக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறாள். நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டால் பென்சிலை எடுக்கிறாள். காபி வேளையில் என் கையைப் பார்க்கிறாள், பிறகு கடிகாரத்தைப் பார்க்கிறாள். துணிக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

மார்ச் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் ஹென்னிங் பேக்கரி பன் வாங்கி வந்திருந்தான். எல்லோர் முன்பும் கேட்டுவிட்டேன்.

“பதினைஞ்சு மணின்னு நீதானே சொன்னே?”

“நானா? என்னைக் கேட்டாங்க, நல்லதாத்தான் சொன்னேன். முதல் ஆளா வர்றாரு, கடைசி ஆளா போறாரு, ஒரு நாள் முனகினதில்லைன்னேன்.”

“உன் நல்லதுதான் என் கழுத்தை அறுத்திருக்கு.”

“அப்ப முனகியிருக்கலாமே தோர்கில்! நாங்க என்ன வேண்டாம்னா சொன்னோம்?”

மேசையே சிரித்தது. யாரோ வெண்ணெயை என் பக்கம் தள்ளி, “இந்தாங்க, இதைத் தடவிக்கிட்டே முனகுங்க” என்றார்கள். ரிக்மோர் சிரிக்கவில்லை. பையிலிருந்து குறிப்பேடு வெளியே வந்தது.

பிறகு வழக்கம்போல் காலைப் பாட்டு. எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். நான் எழவில்லை. எனக்குப் பாட்டு பிடிக்காது என்று நவம்பரிலேயே சொல்லி வைத்துவிட்டேன்.

பிடிக்கும்.

மார்ச் 8, சனி

முதுகு. இன்று இவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

அக்கா எல்ஸெபெத் கோபன்ஹேகனிலிருந்து கூப்பிட்டாள். அறிக்கையை வரிவரியாக வாசித்துக் காட்டினேன்.

“வலிக்குதான்னு அவங்க கேட்டாங்களா இல்லியா?”

“கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“மோசமில்லைன்னேன்.”

“அடேய், நம்ம அப்பா சாகறப்பவும் மோசமில்லைன்னுதான்டா சொன்னாரு! நம்ம மேற்கு யூட்லாந்துக்காரன் மோசமில்லைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியும். அந்த ஆபீஸ் பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுக்கட்டும். அதுக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.”

போனை வைத்துவிட்டேன். நூறு தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். வேறென்ன சொல்வது? மேசையில் எட்டுப் பேர் பன் தின்றுகொண்டிருக்கும்போது, குனிய முடியாததால் காலையிலிருந்து ஷூ நாடா அவிழ்ந்தே கிடக்கிறது என்றா?

மார்ச் 13, வியாழன்

இரண்டு விஷயம். வரிசையாக எழுதுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

ஒன்று: பச்சை சோஃபாவில் ‘விற்றாயிற்று’ என்ற சீட்டு ஜனவரியிலிருந்து ஒட்டியிருக்கிறது. விற்ற சாமானைப் பத்து நாளுக்குள் எடுத்துப் போக வேண்டும் என்பது கடை விதி. இரண்டு மாதமாக யாரும் வரவில்லை. சீட்டில் வாங்கியவர் பெயரும் இல்லை. அப்படியானால் அந்த சோஃபாவை வேண்டுமென்றே அங்கே விட்டு வைத்திருக்கிறார்கள். எலிப்பொறிக்குள் பாலாடைக்கட்டி வைத்த மாதிரி. எலி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு: ரிக்மோர் ஏப்ரனைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பால் தேடப் போனாள். குறிப்பேட்டை எடுத்துவிட்டேன். ஆமாம், எடுத்தேன். திறந்தேன். முதல் பக்கத்திலேயே: “டிச 3. தோ. 7.05 வந்தார். பச்சை சோஃபா 34 நிமிடம். படி 11 நிமிடம், நடுவில் இரண்டு முறை நின்றார்.”

பதினோரு நிமிடம். நானே எண்ணியதில்லை.

இவள் எங்கிருந்து பார்த்தாள்? ஏழு மணிக்கு முற்றத்தில் துணி போடும் பெட்டியைக் காலி செய்வது இவள்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அங்கிருந்து ஜன்னல் வழியாகக் கூடமும் படியும் நேரே தெரியும். இருட்டில் நின்றுகொண்டு மூன்று மாதமாக என்னை வேவு பார்த்திருக்கிறாள்! குறிப்பேட்டைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன். மனுஷியா இவ?

மார்ச் 14, வெள்ளி

துணி அறைக்குப் போய்க் குறிப்பேட்டை அவள் முன்னால் போட்டேன்.

“எவ்வளவு நாளா அவங்களுக்கு வேவு பார்க்கிறே?”

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழந்தை ஸ்வெட்டர் ஒன்றை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“திருடிட்டா போனீங்க? நேத்து ராத்திரி பூரா பஸ்ஸுல விட்டுட்டேன்னு தேடிக்கிட்டிருந்தேன். ஏப்ரல் ஒண்ணுக்கு முன்னாடி நானே குடுக்கறதா இருந்தேன்.”

“யாருக்கு? அந்த ஸ்டினாவுக்கா?” ஸ்டினா என் வழக்கைப் பார்க்கிற அலுவலகப் பெண்.

“உங்களுக்கு, கிழட்டு மனுஷா. உங்களுக்கு.”

பிறகு இடது கையை நீட்டினாள். மணிக்கட்டு திரும்பாது என்று அதுவரை நான் கவனித்ததே இல்லை. எட்டு வருடத்துக்கு முன் அவளுக்கும் சோதனை நடந்திருக்கிறது, நான்கு முறை. “எனக்குப் பதினெட்டு மணின்னு எழுதினாங்க. நான் கக்கூஸ்ல உக்காந்து அழுததும் அதுல சேர்த்தி. வந்த நேரமும் போன நேரமும் மட்டும்தான் அவங்க தாள்ல இருக்கு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எழுத யாருமே இல்லை. அதான் உங்களுக்கு எழுதினேன்.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா ஒத்துக்குவீங்களா? எட்டு மணிக்கே வந்து எங்க முன்னாடி படி ஏறியிருப்பீங்க, வீம்புக்கு. செத்தே போயிருப்பீங்க.”

குறிப்பேட்டை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது:

“அந்த சோஃபாவை யாரு வாங்கினாங்கன்னு நெனச்சீங்க? சனிக்கிழமை சனிக்கிழமை எவனாவது உக்காந்து பார்த்து வெலை கேப்பான். நானே வாங்கி, சீட்டு ஒட்டிட்டேன்.”

மார்ச் 16, ஞாயிறு

நம்பலாமா? இரண்டு நாளாக யோசிக்கிறேன். ரிக்மோரும் அவர்களும் சேர்ந்து போட்ட திட்டமாக இருந்தால்? குறிப்பேடு முழுவதையும் மூன்று முறை படித்தேன். பொய் தேடினேன். நிமிடக் கணக்கில் ஒன்றிரண்டு இடம் கூடக்குறைய இருக்கலாம். பொய் இல்லை. ஒவ்வொரு வாரமும் விளக்கு மேசையில் நான் உண்மையாக வேலை செய்த நேரத்தைக் கூட்டி வைத்திருக்கிறார். ஐந்தேகால், நாலே முக்கால், ஐந்து.

ஆனால் இதைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். ஷூ நாடா இருக்கிறது. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தது இருக்கிறது. “ஜன 16. விளக்கு அறையில் அழுதார். நான் உள்ளே போகவில்லை” என்பதும் இருக்கிறது.

அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமா? கிழித்தால் ‘எதை மறைக்கிறான்’ என்று கேட்பார்கள். நானாக இருந்தால் கேட்பேன்.

மார்ச் 18, செவ்வாய்

கிழிக்கவில்லை. 25-ஆம் தேதி வேலை அலுவலகத்தில் என் மறுப்பைச் சொல்லப் போகிறேன், துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப்போக எனக்கு உரிமை உண்டு. ரிக்மோரைக் கேட்டேன். “கேக் நீங்கதான் வாங்கணும்” என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

வேலை அலுவலகம். ஸ்டினாவுக்கு முப்பது வயதிருக்கும். தண்ணீர் வைத்தார். அந்த நாற்காலி தாழ்வானது. வேண்டுமென்றே வைத்தார்களோ என்னவோ.

ரிக்மோர் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். நிறுத்தவே இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரி 16 வந்தபோது அவர் குரல் ஒரு நொடி தயங்கியது. “வாசிங்க” என்றேன்.

முடிந்ததும் ஸ்டினா என்னைக் கேட்டார், “தோர்கில், இதெல்லாம் சரியா?”

மோசமில்லை என்று வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது.

“சரி” என்றேன். “வலிக்குது. தினமும் வலிக்குது. மறைச்சது நான்.”

ஸ்டினா வெகுநேரம் தட்டச்சு செய்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “பாருங்க, படிவத்துல இதை எழுத இடமே இல்லை. வந்த நேரம், போன நேரம், அவ்வளவுதான். இந்த நோட்டைப் பிரதி எடுத்து கூடவே வெச்சு அனுப்பறேன். ஆனா முடிவு என் கையில இல்லை.”

முடிவு என் கையில் இல்லை என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் பிரதி எடுத்தார். பக்கம் பக்கமாக, ஒன்றுகூட விடாமல். நான் எண்ணினேன்.

எழும்போது நாற்காலி விடவில்லை. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டினா கை நீட்டினார். நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. ரிக்மோர் கை நீட்டவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 1, செவ்வாய்

எழுத்து மூலமும் மறுப்பு அனுப்பினேன், பதிவுத் தபாலில். கிடங்கு இப்போதைக்கு நிறுத்தி வைப்பு.

ஏப்ரல் 24, வியாழன்

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன், சின்ன எழுத்து உட்பட. நான்காம் முறை ரிக்மோரைப் படிக்கச் சொன்னேன், என் கண்ணையும் முழுக்க நம்புவதற்கில்லை. அவருக்கும் அதேதான் வந்தது. மே 5 முதல் வாரம் ஐந்து மணி நேரம், விளக்கு மேசை.

இனி செய்ய வேண்டியவை, யார் செய்ய வேண்டும் என்பதோடு:

நகராட்சி: ஏழாம் பக்கத்தைத் திருத்த வேண்டும். முடிவு மாறினால் போதாது, பொய் அப்படியே கோப்பில் கிடக்கக் கூடாது. திருத்தும்வரை மாதம் ஒரு கடிதம் போகும்.

ஸ்டினா: படிவத்தில் நடுவில் நடந்ததை எழுத ஓர் இடம் கேட்டு மேலே எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா என்று நான் கேட்க வேண்டும். எனக்காக அல்ல, அடுத்து வருபவருக்காக.

ஹென்னிங்: விளக்கு மேசையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவர வேண்டும், மே 5-க்கு முன். ஒரு கை அகலம் உயர்த்தவும் வேண்டும். இனி என்னைப் பற்றி யார் கேட்டாலும் நல்லது மட்டும் சொல்லக் கூடாது.

எல்ஸெபெத்: ஆம்புலன்ஸ் கதையை எல்லோரிடமும் சொல்வதை நிறுத்த வேண்டும்.

ரிக்மோர்: சோஃபாவிலிருந்து சீட்டைக் கிழிக்கக் கூடாது.

நான்: கேக் வாங்க வேண்டும். எட்டு மணிக்கு வர வேண்டும். பாட்டு பிடிக்காது என்று சொன்னதைத் திருத்த வேண்டும், உட்கார்ந்தபடியே பாடலாம். பிறகு, எல்லோரும் மேசையில் இருக்கும்போதே நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.