பட்டியலில் ஏழாவது

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ, அங்கே நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது, மீதியைச் சுவரிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த மெயில்.

உன் அத்தானுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. தூரத்தில் வருகிற படகு யாருடையது என்று டக்கென்று சொல்லிவிடுகிறார். கிட்டத்தில் இருக்கிற சின்ன எண்கள்தான் தெரியவில்லை. நீ படகில் மாட்டிய திரை ஓரமாக இருக்கிறதல்லவா, ஆழம் பார்க்க ஒவ்வொரு தடவையும் சுக்கானை விட்டுவிட்டுக் குனிகிறார். போன வாரம் அப்படிக் குனிந்த நேரத்தில் படகு திரும்பி, வலைக்கயிறு இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அவரே தண்ணீரில் இறங்கி அறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் திட்டிய திட்டு கடல்வரை கேட்டிருக்கும்.

அதனால் பெரிய எண்கள் தெரிகிற புதுத் திரை ஒன்று வாங்கியிருக்கிறேன். சுக்கானுக்கு நேர் எதிரே வைக்க வேண்டும். படகில் வயரிங் முழுக்க உன் கைவேலை. மெயின் கேபிளில் எந்த இடத்தில் சேர்க்கலாம் என்று இரண்டு வரி எழுது, போதும். துறைமுகத்து ரேடியோ மெக்கானிக் மாட்டித் தருவதாகச் சொல்கிறார்.

மீன்பாடு எப்படி என்று கேட்காதே. நாங்கள் ஒரு நல்ல இடம் கண்டுபிடித்தால், மறுநாள் ஐஸ் கம்பெனி முதலாளியின் படகுகள் நான்கும் எங்களுக்கு முன்னால் அங்கே நிற்கின்றன. அதிகம் பேசாததாலேயே அந்தப் பேர் வாங்கிய நம் ஊமையண்ணன்தான் இடத்தைச் சொல்கிறார் என்று நீ சொல்லி, அவரைப் படகு வேலையிலிருந்து நிறுத்தினோம். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது யார் சொல்கிறார்கள்? மீனே போய்ச் சொல்லிவிட்டு வருகிறதோ என்று உன் அத்தான் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா


தம்பி,

நான்கு மாதமாகப் பதில் போடாதவன் இந்த முறை மறுநாளே போட்டாய். ‘நான் லீவில் வரும்வரை அந்த லைனில் யாரும் கை வைக்க வேண்டாம். ஒன்றைச் சேர்க்கப்போய் எல்லாம் செத்துவிடும்’ என்று எழுதியிருந்தாய். எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். ஆனால் நீ வர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இந்தக் கண்ணோடு அவரை அதுவரை கடலுக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. உன் பேச்சை மீறி வெள்ளிக்கிழமை காலை மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டேன்.

நீ பயமுறுத்திய அளவுக்கு அது பெரிய வேலையே இல்லை. மெயின் சுவிட்சை அணைத்தார். பலகையைக் கழற்றினார். படகு நீளத்துக்கும் ஓடுகிற ஒரே கேபிள், அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கிளை. கேபிளின் இரண்டு கோடியிலும் மூடிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். ‘மாட்டினவர் சுத்தமா மாட்டியிருக்கார்’ என்றார். என் தம்பியாக்கும் என்றேன். ஒரு இணைப்பைப் பிரித்து நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, திரையைச் சொருகினார். அவ்வளவுதான்.

சுவிட்சைப் போட்டதும் திரை லைனில் இருக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியல் காட்டியது. எழுத்து பெரிசு பெரிசாக இருந்தது. உன் அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார். ஆழம் பார்க்கிறது, ஜி.பி.எஸ்., திசைகாட்டி, இன்ஜின், பழைய திரை, புதுத் திரை. அப்புறம் நிறுத்தினார். ‘இன்னொண்ணு இருக்கே, அது என்ன?’ என்றார்.

மெக்கானிக் கேபிளைத் தொட்டுக்கொண்டே போனார். ஒரு கிளை லைஃப் ஜாக்கெட் அலமாரியின் பின்பலகைக்குள் போய் நின்றது. பலகையை நெம்பி எடுத்தார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே சிம் கார்டு. அடியில் ஒட்டியிருந்த டேப்பில் பாஸ்வேர்டு கையால் எழுதியிருந்தது, அதில் ஒரு ஏழு. ஏழுக்கு நடுவில் குறுக்கே கோடு போடுகிற பழக்கம் நம் வீட்டில் உனக்கு மட்டும்தான்.

மெக்கானிக் தன் போனில் அதைத் திறந்து பார்த்தார். நம் படகு இருக்கும் இடம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்று ஐஸ் கம்பெனியுடையது. இன்னொன்று, இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் இதே விலாசம். தொடங்கிய தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது, நீ வயரிங் முடித்துக் கொடுத்த வாரம். அடுத்த மாதமே அந்த முதலாளி சிபாரிசில் உனக்குக் கப்பல் வேலை கிடைத்தது. நானே தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

உன் அத்தான், ‘அவனா இருக்காது, யாரோ அவன் பேரைப் போட்டிருக்காங்க’ என்று மூன்று தடவை சொன்னார். நான் ஏழின் குறுக்குக் கோட்டைச் சொன்னேன். நாலாவது தடவை அவர் அதைச் சொல்லவில்லை. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூக்களைப் பொறுக்கினார். அவர் போன பிறகு உன் அத்தான் மீன்பெட்டி மேல் உட்கார்ந்து, ‘அந்த மனுஷனை வேலையை விட்டு அனுப்பிட்டோமே’ என்றார்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அக்கா


தம்பி,

உன் விளக்கம் வந்தது. நடுக்கடலில் இன்ஜின் நின்றால் உதவிக்கு வருவதற்காக முதலாளி கேட்டார், பாதுகாப்புக்காக வைத்தேன் என்கிறாய். பாதுகாப்புக்கு வைத்ததைப் பலகைக்குப் பின்னால் ஒளிப்பானேன்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முதலாளிக்கு நீ கடமைப்பட்டிருந்தாய், கேட்டபோது மறுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாலாவது எனக்குப் புரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஊமையண்ணன் வீட்டுக்குப் போனோம். இப்போது ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறார். பதினோரு வருஷம் நம் படகில் வலை இழுத்த கை. உட்காரச் சொல்லி, அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் அத்தான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் சொன்னார். ‘எனக்குத் தெரியும்மா. தம்பி அந்தப் பெட்டியை வைக்கிறப்ப நான்தான் டார்ச் பிடிச்சேன். என்னதுன்னு கேட்டேன், சர்வீஸ் பெட்டின்னு சொன்னார். அவங்க படகு நமக்கு முன்னாடி போய் நிக்க ஆரம்பிச்சதும் எனக்குச் சந்தேகம் வந்து அவர்கிட்டயே போன்ல கேட்டேன். அடுத்த வாரம் நீங்க என்னை நிறுத்திட்டீங்க.’

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘சொல்லியிருந்தா யாரை நம்பியிருப்பீங்க?’ என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். உன்னைத்தான் நம்பியிருப்பேன் தம்பி. அவரைத் திருடன் என்று சொல்லியிருப்பேன். வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

பெட்டியைத்தான் நீ மறைத்து வைத்தாய் என்று இரண்டு நாள் நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிசு, வாய் திறந்த மனிதர்மேல் பழியைப் போட்டு என் கையாலேயே வெளியே தள்ள வைத்தாய். ‘அக்கா, வேற யாரு, அவன்தான்’ என்று நீ சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. கொஞ்சம்கூடப் பிசிறவில்லை.

திரும்பி வரச் சொல்லிக் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. புதுத் திரை நன்றாக வேலை செய்கிறது. உன் அத்தான் இப்போது குனிவதில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு விளக்கம் எழுதாதே. அவருக்கு எழுது. மெயில் வேண்டாம், அவருக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. காகிதத்தில், உன் கையெழுத்தில், என்ன செய்தாய் என்று எழுது. அவர் மனைவி படித்துக் காட்டுவாள். அது வந்து சேர்ந்ததென்று அவர் சொன்ன பிறகு லீவுக்கு வருவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை வீட்டுக்கு வராதே.

கடலில் இருக்கிறவனுக்குக் கெட்டதை நினைத்து ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. அதனால் மனசார எழுத வரும்வரை மூன்று நாள் இந்தக் கடைசி வரியை எழுதாமல் வைத்திருந்தேன். எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நல்லபடியாக இரு.

அக்கா