கப்பல் பெயிண்டில் எழுதிய பெயர்கள்

திருவொற்றியூர்
10.7.2003

அன்பு மகள் மகிழினிக்கு அம்மா எழுதுவது. அங்கே வெளிநாட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, படிப்பில் மனசு வைத்து இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் தெரிந்துகொள். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைக்காதே, நான்தான், இந்தக் கடிதத்தை இடது கையால் நாலு நாளாக எழுதுகிறேன். வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பாதே. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பூத்துக்காரரின் காது முழுக்க நம் பேச்சில்தான் இருக்கும், அதுவுமில்லாமல் போனில் நான் ம், சரி தவிர என்ன பேசியிருக்கிறேன். பஸ்ஸில் இறங்குமிடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு உன்னையே டிக்கெட் கேட்கச் சொல்வேனே. தபாலில் படித்து நான் பி.ஏ. முடித்தபோது, நம் குடும்பத்தில் முதல் பட்டம் என்று பிளாக்கே வந்து நின்றது, அன்றைக்கும் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

உன் கடிதம் ஜூன் இருபதாம் தேதி வந்தது. இத்தாலிக்காரர்களின் பழைய இலக்கியத்தில் எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஊர்க்குறிப்பு ஒன்றை எடுத்து, சந்தையில் பட்டப்பகலில் ஒருவனை வெட்டிக் கொன்ற பகுதியைப் பரீட்சைக்காகத் தமிழில் எழுதியிருப்பதாகவும், நான் படித்துத் திருத்தித் தரவேண்டும் என்றும் கேட்டிருந்தாய். வெட்டுப்பட்டவன் அதில் கீழே விழாமல் நின்று பேசுகிறானே, அப்படி நடக்குமா, இல்லை எழுதினவர் கதை விடுகிறாரா என்று வேறு கேட்டிருந்தாய். எனக்கென்ன தெரியும் இந்தப் பெண்ணுக்கு என்ன பதில் எழுதுவது என்று சிரித்துக்கொண்டே அதைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். நாலு நாள் கழித்து எனக்குத் தெரிந்துவிட்டது மகிழினி. பேசுவான்.

ஜூன் இருபத்துநாலு, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. போன வருஷம் மழை ஏமாற்றியதிலிருந்து லாரிதான் எல்லோருக்கும். ராத்திரியே குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், குடம் நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு. எல்லாம் ஒரே பச்சை, ஒரே சிவப்பு, யார் குடம் எது என்று தினமும் குடுமிப்பிடிச் சண்டை, அதனால் பொங்கல் சமயத்தில் அப்பா ஹார்பரில் கப்பலுக்கு அடித்து மிச்சமான பெயிண்டைக் கொண்டுவந்து கொடுக்க, நான்தான் முப்பத்தோரு குடத்திலும் பெயர் எழுதினேன். உனக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் குடம் முதலில். பக்கத்து பிளாக் வியாகுலம்மாளுக்கு முட்டிவலி என்று அவள் மகன் பிராங்கிளின் குடத்தைப் பிடிக்க வந்திருந்தான். நீ கிளம்பும்போது உன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, ஏரோபிளேன்லயும் நானே ஏத்தி வுட்டுட்டு வர்றேன் ஆண்ட்டி என்று எல்லோரையும் சிரிக்க வைத்தானே, அவன். கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதும் வேலை கிடைத்து எட்டு மாசம்தான் ஆகிறது. நிற்கிற லாரிகளில் டீசல் உருவுகிறார்கள் என்று நோட்டில் வண்டி நம்பர் எழுதி அதிகாரியிடம் கொடுத்திருக்கிறான். அதற்குத்தான் வந்தார்கள். ஒரே பைக்கில் மூன்று பேர். முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. கறிக்கடையில் கேட்கிற அதே சத்தம், வேறொன்றுமில்லை. இரண்டாவது வெட்டைத் தடுக்க என் குடத்தைத் தூக்கினான், குடம் பிளந்து தண்ணீர் கொட்டியது, கையும் போயிற்று. அப்புறம் எண்ணவில்லை. முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றோம், ஒருத்தியும் கத்தவில்லை, லாரிக்காரன் மட்டும் குழாயை மூடாமல் ஓடிவிட்டான். அவர்கள் பைக் ஏறிய பிறகும் பிராங்கிளின் நின்றான். குனிந்து சுற்றிலும் தேடினான். கழன்று விழுந்த ஒற்றைச் செருப்பைத் தேடினான் மகிழினி. கண்டுபிடித்துக் காலில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, ஆண்ட்டி, அம்மாவ இங்க வரவுடாதே என்றான். அதற்குப் பிறகுதான் விழுந்தான். ஆகையால் உன் ஊர்க்குறிப்பை எழுதினவர் கதை விடவில்லை, பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

வெட்டினவன் யார் என்று இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. பாரி. உன் அத்தை மகன் பாரிதான். முகத்தை மூடக்கூட இல்லை. நம் வீட்டில் சோறு தின்று வளர்ந்த பையன், பத்தாவது தேறாமல் போனபோது வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தது நான். பைக்கில் ஏறும்போது என்னைப் பார்த்தான், மாமியாச்சே என்று தலையாட்டிவிட்டுப் போனான், கல்யாண வீட்டில் பார்த்துத் தலையாட்டுகிற மாதிரி.

போலீஸ் வருவதற்குள் ரத்தத்தைக் கழுவிவிட்டார்கள், கழுவிக்கொண்டே, ஒரு லாரித் தண்ணி வீணாப் பூட்சே என்று வரிசையில் நின்ற சிவந்தி சலித்துக்கொண்டாள். விசாரித்தபோது ஒவ்வொருத்தியும் ஒரே பதில்தான் சொன்னாள், நான் எங்க சார் அங்க இருந்தேன், என் குடம்தான் இருந்துச்சு. நானும் அப்படித்தான். கேட்டதற்குக் குடத்தைக் காட்டி, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். பிளந்துபோன என் குடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ராஜாத்தி என்று இருக்கிறது. மறுநாள் பெண்கள் எல்லோரும் என்னிடம் வந்து, நீ எழுதினதுதானே, நீயே அழிச்சுக் குடு என்றார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம், போகவில்லை. உப்புத்தண்ணியில வருஷக்கணக்கா நிக்கிற பெயிண்ட்டு, நீ தேச்சா போயிடுமா என்றார் அப்பா. கடைசியில் எல்லாக் குடத்தையும் உடைத்துக் கால்வாயில் போட்டுவிட்டு இப்போது பெயிண்ட் டப்பாவில் தண்ணீர் பிடிக்கிறார்கள். வியாகுலம்மாளும் டப்பாவோடு வந்து நிற்கிறாள். யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. அவள் வந்தால் முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தும் இந்த இரண்டாம் தேதி பாரியின் கூட்டாளி மதி இன்னும் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தான். அப்பா வேலைக்குப் போயிருந்தார். இன்னா மாமி, பேரெல்லாம் நல்லா எழுதுவியாமே என்றான். என் வலது கையைப் பிடித்து வாசல் நிலையில் வைத்துக் கதவை அடித்தான். மூன்று முறை. வாய் இல்லாத பூச்சிக்கு எழுத்து இன்னாத்துக்கு என்று சொல்லிவிட்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனான், அவ்வளவு மரியாதை. நாலு விரல் உடைந்திருக்கிறது, இரண்டு பழையபடி மடங்காது என்றார் டாக்டர். நீ அழாதே, எனக்கு வலி குறைந்துவிட்டது.

அன்றைக்கு வலியில் தூக்கம் வராமல் உன் தமிழ்ப் பக்கங்களை எடுத்துப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் நடுவில், சிலர் அவனைச் சூழ்ந்து கொன்றனர் என்று வருகிறது. கீழே ஒரு குறிப்பு, மூலத்தில் ஆறு பேருடைய பெயர், தகப்பன் பெயர், தெரு எல்லாம் இருக்கிறது, நம் ஆட்கள் வாயில் நுழையாது என்பதால் விட்டுவிட்டேன் என்று. நீ முன்பு எழுதியது ஞாபகம் வந்தது, அந்தக் காலத்தில் அங்கே எழுதினவர்கள் சொந்த ஊர்க்காரனுடைய கெட்ட காரியத்தைப் பெயர் மாற்றாமல் எழுதிவிடுவார்கள், அதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களும் உண்டு என்று உன் பேராசிரியை சொன்னதாக. போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கையிலும் அடையாளம் தெரியாத சிலர் என்றுதான் இருக்கிறதாம். அந்தச் சிலர் என்கிற வார்த்தையைப் பார்த்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. முப்பத்தோரு பெயர் எழுதின கை, எழுத வேண்டிய பெயரை எழுதவில்லை. மறுநாளே ஸ்டேஷனுக்குப் போய், நான் பார்த்தேன் என்று இடது கையால் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, எழுதினால் போதாதும்மா, மாஜிஸ்திரேட் முன்னால் வாயால் சொல்ல வேண்டும், குரல் வருமா என்றார். வரும் என்றேன். அதுவே அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொன்னேன்.

அப்பாவிடம் சொன்னதும் கன்னத்தில் அறைந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அறைந்துவிட்டு அவரே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவரைத் தூக்கி வளர்த்த அக்காவின் பிள்ளை, நான் என்ன சொல்ல. ஞாயிற்றுக்கிழமை எம்.கே.பி. நகரிலிருந்து உன் அத்தை பச்சையம்மா வந்தாள். முதலில் என் காலைப் பிடித்தாள், உன் மருமவன்டி, தூக்குல தொங்க வுடுவியா என்றாள். நான் காலை இழுத்துக்கொண்டதும் தலைமுடியைப் பிடித்து இரண்டு மாடிப் படிக்கட்டு முழுக்க இழுத்தாள், மாவுக்கட்டு ஒவ்வொரு படியிலும் இடித்தது. நான் அவளை அடிக்கவில்லை, அவள் இடத்தில் நானும் இழுத்திருப்பேன். போகும்போது, உம் பொண்ணு சீமையிலருந்து வருவா இல்ல, வரட்டும் பாத்துக்கிறோம் என்று சொன்னாள். அதனால்தான் சொல்கிறேன், நீ வராதே. திங்கட்கிழமை பதினாலாம் தேதி நான் மாஜிஸ்திரேட் முன்னால் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பேசி முடித்திருப்பேன், நீ தடுக்க முடியாது என்று தெரிந்துதான் கடிதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று யார் போன் செய்தாலும் உடனே ஓடி வராதே, பரீட்சையை எழுதிவிட்டு வா. அத்தை வீட்டிலிருந்து யார் விலாசம் கேட்டாலும் கொடுக்காதே.

பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாசலில் பைக் நின்றால் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இன்னொரு தடவை பார்க்கிறேன். குரல் பழக வேண்டும் என்று உன் பக்கங்களைத்தான் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படிக்கிறேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கண்டக்டரிடம் நானே, ராயபுரம் ஒண்ணு என்று கேட்டேன். இன்னாம்மா கத்துறே, காது கேக்குது என்றான். இன்று காலையில் கதவைத் திறந்தால் வாசலில் புதுக் குடம் ஒன்று. அதில் சிவப்பு பெயிண்டில் ராஜாத்தி என்று இருந்தது. எழுத்து ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கப்பல் பெயரைச் சாக்பீஸ் கோட்டின்மேல் பூசத்தான் தெரியும், ரேஷன் கார்டைப் பார்த்துப் பூசியிருக்கிறார். அந்தக் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் முதலாவதாக வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

நீ நன்றாகப் படித்து, நல்ல பெயர் எடுத்து, நூறு வயசு இரு கண்ணே. தலைக்கு எண்ணெய் வை. ஒன்றை மறக்காதே, அந்த ஆறு பேருடைய பெயரையும் திரும்ப எழுதிச் சேர்த்துவிடு, தகப்பன் பெயர், தெருப் பெயர் எதையும் விடாதே. நம் ஆட்கள் வாயில் நுழையும். நான் சத்தமாகப் படித்துப் பழகிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ராஜாத்தி, கணவர் பெயர் பக்தவச்சலம், நேரில் பார்த்தவள்.