இரண்டு மதிப்பெண் கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நான் நலம். தென்காசியில் சாரல் நிற்கவில்லை. வெள்ளைக் கோட் காய்வதே இல்லை. இன்னொன்று அனுப்புங்கள்.

நேற்று நான் பயிற்சி பெறும் மருத்துவமனைக்குப் புளியங்குடியிலிருந்து முப்பிடாதி என்ற அம்மாள் நெஞ்சு வலியென்று வந்தார். நோயாளியின் கருத்தையும் கேட்கச் சொல்கிறது எங்கள் புதிய பாடத்திட்டம். தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண். கேட்டேன்: "உங்களுக்கு என்ன நோயா இருக்கும்னு நினைக்கிறீங்க?"

"அது தெரிஞ்சா ஒங்கிட்ட ஏம்மா வாரேன்? இங்கன படிச்ச டாக்டர் யாரும் இல்லியா?"

எழுந்து போய்விட்டார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். மாலை வரை வாசலைப் பார்த்தேன், அவர் திரும்பவில்லை. கேள்வி தவறா, நான் கேட்ட விதம் தவறா? புரியவில்லை.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இதற்கு மதிப்பெண் கிடையாது, அப்பா. பதில் போடுங்கள்.

வார்டில் கூப்பிடுகிறார்கள்.

மேகலா